டீ டம்ளரால் வெட்டிய வேங்கை

என் வாழ்நாளில் நான் வெட்டிய மரம் ஒன்றே ஒன்றுதான். அதையும் ஒரு டீ டம்ளரால் வெட்டினேன்.

மரம் வேங்கை. நல்ல பெரிய மரம். மேற்கே மலைச் சரிவில் நின்றது. நான் கிழக்கே வெகுதூரம் தள்ளி, பீளமேட்டில், ஏசி அறையில் உட்கார்ந்திருந்தேன். கோடாரியைக் கையால் தொட்டதில்லை. வீட்டில் தேங்காய் உடைக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவன் நான். ஆனாலும் அந்த வேங்கை, நான் எழுதிய வாக்கியத்தில், அரசாங்கக் காகிதத்தின் மேல் சாய்ந்தது. சாய்ந்த சேதி மரத்துக்கு மட்டும் தெரியாது. அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

அதை மறுபடி நிமிர்த்தி வைத்தவர் ஓர் அம்மணி. பேரைப் போடவில்லை. போட்டால், "என்னைய எதுக்குங்ணா இதுல இழுத்தீங்க" என்பார்.

அப்போது நான் வேலை பார்த்தது ஒரு சின்னக் கம்பெனியில். மலையடிவாரக் காட்டின் மேல் ட்ரோன் விட்டுப் படமெடுப்போம். காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் மரம் குறைந்திருக்கிறது, எங்கே புகை தெரிகிறது, எந்தத் தோட்டத்து வேலி காட்டுக்குள் இரண்டடி நகர்ந்திருக்கிறது என்று வாரம் ஒரு பட்டியல் ரேஞ்சர் ஆபீசுக்கு அனுப்புவோம். பட்டியலுக்குத் தமிழ் எழுதுவது என் வேலை. பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன். நகைச்சுவையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்று மனைவி கொஞ்சமும் நகைச்சுவையில்லாமல் சொன்னதால் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

ட்ரோன் ஓட்டுவதும், எடுத்த படங்களைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதும் அந்த அம்மணியின் வேலை. நாற்பது வயதிருக்கும். அதற்கு முன் பதினாலு வருஷம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். செக்கிங் என்றால், தைத்து வந்த பனியனை ட்யூப் லைட்டுக்குக் கீழே மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்ணாலேயே பிடித்து, பிடித்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. அவிநாசியில் அவர் தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவர். தம்பியின் ட்ரோனை ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா வாங்கிப் பார்த்ததில் ஆரம்பித்து, முறையாகப் படித்து லைசன்ஸ் வாங்கி, எங்களிடம் வந்துவிட்டார். வரும்போது பழைய வேலையிலிருந்து இரண்டு சாமான்களைக் கொண்டுவந்தார். ஒன்று கண். இன்னொன்று, கைப்பைக்குள் ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர்.

அந்த ஸ்டிக்கரை அவர் கம்ப்யூட்டர் திரை மேலேயே ஒட்டுவார். காட்டின் படம் திரையில் நிற்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, துணியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிறவர் மாதிரி பார்ப்பார். விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வருவார். விரல் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். "இங்க நூல் விட்டிருக்குதுங்ணா" என்பார். பார்த்தால் ஓடைக்கரையில் புதிதாக ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கும். எனக்கு அது வரை பச்சையாகத் தெரிந்த காடு, அவர் சொன்ன பிறகும் பச்சையாகத்தான் தெரியும்.

ஆபீசில் இருந்த இன்ஜினீயர்களுக்கு இது வேடிக்கை. மவுஸை வைத்துத் திரையிலேயே குறி போடலாமே என்று ஒருவர் செய்தும் காட்டினார். அம்மணி மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அதுல தப்பாப் போட்டா அழிச்சுப்போடலாமுங்களே."

"அதுதானுங்க வசதி."

"அதுதானுங்க வேண்டாங்கறேன். இதைய ஒட்டிட்டு எடுத்தா பசை நிக்கும். இங்க ஒருக்கா தப்பா ஒட்டுனேன்னு எனக்குத் தெரியோணுமுங்க."

இதை வைத்து நான் ஒரு கட்டுரைகூட எழுதினேன். விமானம் ஓட்டுகிறவர் கண்ணாடியில் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்ட மாதிரி என்றெல்லாம் உவமை போட்டிருந்தேன். அவர் படித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்ணா" என்றார். கொங்கு நாட்டில் ஒருவர் "நல்லா இருக்குதுங்க" என்று சொன்னால் அதற்கு மேல் கேட்காமல் இருப்பது நல்லது. நான் அப்போது கேட்கவும் செய்தேன்.

"எது நல்லா இருந்துச்சு, அம்மணி?"

"எழுத்து பெருசா இருந்துச்சுங்க. கண்ணாடி போடாமயே படிச்சேன்."

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஸ்டிக்கரைச் சுருளிலிருந்து உரித்து, நகத்து நுனியில் வைத்துக்கொண்டு, ஒட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். எங்களையும் கேட்பார், யாரும் இல்லாவிட்டால் திரையைப் பார்த்தும் கேட்பார்.

"இதைய ஒட்டுனா யாரைக் கூப்பிடுவாங்க?"

முதலில் எனக்கு இது புரியவில்லை. ஒருநாள் மதியம் சோறு சாப்பிடும்போது அவரே சொன்னார். பனியன் கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஒரு பீஸில் கறை என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். அந்த வரிசையில் தைத்த டைலரை சூப்பர்வைசர் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நிற்க வைத்துப் பேசினாராம். சாயங்காலம் பார்த்தால் அது கறையே இல்லை; இவர் நெற்றியிலிருந்து விழுந்த வேர்வைச் சொட்டு. காய்ந்து போய்விட்டது.

"அப்புறம்?"

"அப்புறமென்னுங்க. அடுத்த நாளு அந்த மிசின்ல வேற ஆளு உக்காந்திருந்தாரு."

ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

இதனால் அவரை இளகிய மனசுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை படத்தில் நாலு பெண்கள் தலையில் சுள்ளிக் கட்டோடு போவது தெரிந்தது. பட்டியலில் சேர்க்கலாமா என்று மேனேஜர் கேட்டார். அம்மணி படத்தைப் பெரிதாக்கிச் சுள்ளியை மட்டும் பார்த்தார். "காஞ்சு வுளுந்ததுங்க. பனியனுக்குக் கட்டிங் வேஸ்ட்டு மாதிரிங்க. அதுக்கு ஸ்டிக்கர் இல்லீங்க" என்று அடுத்த கட்டத்துக்குப் போனார். அதற்கடுத்த வாரம் இன்னொரு கட்டத்தில் ஒரு வாழைத்தோட்டம் காட்டுக்குள் நன்றாகவே கால் நீட்டியிருந்தது. யாரைக் கூப்பிடுவாங்க என்று வழக்கம்போலக் கேட்டார். பதிலும் அவரே சொன்னார். "எங்க சித்தப்பாவைத்தானுங்க." ஒட்டினார், அழுத்தித் தேய்த்தும் விட்டார். அந்த வருஷம் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு இவருக்குப் பத்திரிகை வரவில்லை. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அங்க சாப்பாடு சுமாராத்தானுங்க இருக்கும்" என்றார்.

கேள்வி கேட்டால் ஒட்டக் கூடாது என்பதல்ல கணக்கு. ஒட்டும்போது யார் முகம் என்று தெரிந்து ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் ஸ்டிக்கர் மேல் பேனாவால் ஒரு கேள்விக்குறி போடுவார். நேரில் யாராவது போய்ப் பார்த்த பிறகுதான் அது பட்டியலுக்கு வரும்.

இனி என் டம்ளருக்கு வருகிறேன்.

ஆடி மாதத்துக்கு முந்தைய மழை. அம்மணி கோபிசெட்டிபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவில் போயிருந்தார். போகும் அவசரத்தில் கடைசிப் படத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் திரையிலேயே இருந்தது. பட்டியல் அனுப்ப வேண்டிய நாள். அவர் வந்து பார்க்கட்டும் என்று விட்டிருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. ஆனால் எனக்கு உதவி செய்யும் ஆசை வந்தது. எனக்கு அந்த ஆசை வரும்போதெல்லாம் யாருக்காவது கஷ்டம் வந்திருக்கிறது.

டீயோடு போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். டம்ளரை வைக்க இடமில்லை. கீபோர்டின் ஓரத்தில் வைத்தேன். டம்ளர் உட்கார்ந்த பட்டன், அடுத்த படத்துக்குப் போகிற பட்டன். திரையில் ஒரு காடு போய் இன்னொரு காடு வந்தது. எனக்கு இரண்டும் ஒரே பச்சை. ஸ்டிக்கர் கண்ணாடியில் ஒட்டியது, அது நகரவில்லை. அம்பு நுனியில் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. மரம் இருந்த இடம் காலி என்று முடிவு செய்தேன். அந்தக் கட்டத்தில் இருக்கிற பெரிய மரங்களின் கணக்கைப் பார்த்தேன். ஒரு வேங்கை இருந்தது. சரி, அதுதான் போயிருக்கிறது. ஸ்டிக்கர் மேல் இருந்த கேள்விக்குறியை என்னவென்று நினைத்தேன் என்று கேட்பீர்கள். டிசைன் என்று நினைத்தேன்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பட்டியலில் வழக்கமாக "மரம் தென்படவில்லை" என்று எழுதுவோம். அது எனக்குச் சவலைப் பிள்ளை மாதிரி பட்டது. "பெரிய வேங்கை ஒன்று வெட்டிச் சாய்க்கப்பட்டுள்ளது" என்று எழுதினேன். வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். நல்ல ஓசை. அனுப்பிவிட்டேன்.

அம்மணி திரும்பி வந்த காலையில் பட்டியலின் நகலைப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"இந்தக் கட்டத்துல நான் ஒட்டவே இல்லீங்களே."

திரையை முடுக்கினார். அந்தக் கட்டத்தை எடுத்தார். அம்பு நுனியில் வெளுப்பாக இருந்தது ஒரு பாறை. பாறைக்குப் பக்கத்தில் வேங்கை குடை விரித்த மாதிரி நின்றது. பிறகு கீபோர்டைப் பார்த்தார். அந்த ஒரு பட்டனின் மேல் அரை வட்டமாக டீக்கறை. பதினாலு வருஷம் கறை பிடித்த கண். என்னை ஒரு தடவை பார்த்தார். எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. ஏன் செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"யாரைக் கூப்பிட்டாங்க?" என்றார்.

போன் செய்தோம். கூப்பிட்டிருந்தார்கள். அந்தச் சரிவில் தினமும் நடந்து காவல் பார்க்கிற வாட்சர் ஒருவர் இருந்தார். அடிவாரத்துப் பதியில், அதாவது அங்கே இருக்கிற பழங்குடிக் குடியிருப்பில், வீடு. வேலை நிரந்தரமில்லை, வருஷக்கணக்காகத் தற்காலிகம். இவ்வளவு பெரிய மரம் போனது உனக்குத் தெரியாமல் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பதிக்கும் சேதி போய்விட்டது. மரத்தை வித்துத் தின்றவன் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அது அவரோடு போகாது, பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ரேஞ்சர் தன்மையான மனிதர். நான்தான் பேசினேன். "திரையில் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்று இடம் மாறியதில் எங்கள் தரப்பில் சிறு பிழை நேர்ந்திருக்கக்கூடும்" என்றேன். செய்தவன் பேர் வராமல் வாக்கியம் அமைப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

"காகிதம் மேல போயிருச்சுங்க. தப்புன்னு இன்னொரு காகிதம் அனுப்புனா நம்புவாங்களா? மரம் நிக்கிற படம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. போன வாரத்துப் படம்."

"அதுக்கப்புறம் வெட்டியிருந்தா?"

அது நியாயமான கேள்வி. நான் கற்பனையாக வெட்டிய மரத்தை யாராவது நிஜமாகவே வெட்டியிருந்தால்?

மறுநாள் காலை ட்ரோன் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு அம்மணி ஜீப்பில் ஏறினார். நான் ஓட்டினேன். டிரைவர் லீவு. ரேஞ்சர் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது மழை. நடந்து போய்ப் பார்க்கவும் வழியில்லை. குட்டியோடு யானைகள் அந்தப் பாதையிலேயே நாலு நாளாக நின்றன. யானைகளை அம்மணி எப்போதும் "அவிய" என்றுதான் சொல்வார், ஊர்ப் பெரியவர்களைச் சொல்கிற மாதிரி.

அன்று மழை விடவில்லை. மறுநாளும் விடவில்லை. மூன்றாம் நாளும் போனோம். மூன்று நாளும் அந்த வாட்சர், வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்ன பிறகும், காக்கிச் சட்டையோடு வந்து ஆபீஸ் வாசல் கூரைக்கடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மணி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் மழையைப் பார்த்தார்கள். நான் குடையோடு ஜீப் பக்கத்திலேயே நின்றேன். வாசலுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

மூன்றாம் நாள் பத்து மணி வாக்கில் மழை கொஞ்சம் மூச்சு வாங்கியது. அம்மணி ஜீப் பக்கம் வந்து ட்ரோனை வெளியே எடுத்தார். மேலே அனுப்புவதற்கு முன் மலைப் பக்கம் பார்த்து, "வாரனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்வது அவர் வழக்கம். அன்றும் சொன்னார். ரேஞ்சர் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். சின்னத் திரையில் மேகம், பிறகு பச்சை, பிறகு மறுபடி மேகம். யானைகள் தெரிந்ததும் ட்ரோனை இன்னும் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டார். "அவியளுக்கு இந்தச் சத்தம் புடிக்காதுங்க." ஓடை வந்தது. பாறை வந்தது. பாறை நனைந்து கறுத்திருந்தது.

பாறைக்குப் பக்கத்தில் வேங்கை நின்றது.

நான் குடையை மடக்கினேன்.

அம்மணி திரையை வாட்சர் பக்கம் திருப்பினார். "உங்க மரம், பாருங்க." அவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "இதுக்கடியிலதானுங்க நான் சோறு திங்கறது" என்றார்.

ரேஞ்சர் சிரித்துவிட்டார். நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். பிறகு அம்மணியிடம் திரும்பி, "அப்ப அந்த ஸ்டிக்கர் எப்படிங்க அங்க வந்துச்சு?" என்றார்.

"ஸ்டிக்கர் என்னுதுங்க சார். எடுக்காம லீவுக்குப் போயிட்டனுங்க."

ரேஞ்சர் என்னைப் பார்க்கவில்லை. நான் வானத்தைப் பார்த்தேன். மழை மறுபடி வருமா என்று அக்கறையாகப் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியில் பாதி தூரம் வந்ததும் கேட்டேன்.

"என் பேரைச் சொல்லியிருக்கலாமே, அம்மணி."

"அவரு ஸ்டிக்கரைப் பத்தித்தானுங்ணா கேட்டாரு. ஸ்டிக்கர் என்னுது. சொன்னேன். அதைப் பாத்து எழுதுனது உங்களுது. அதைய நீங்கதான் சொல்லோணும். நான் சொன்னா அது கோள் சொல்றதாயிருமுங்க."

கோபமில்லாமல், துணியில் தையலைக் காட்டுகிற மாதிரி காட்டினார். நான் வண்டியைத் திருப்பினேன். ரேஞ்சரிடம் டம்ளர், கேள்விக்குறி, "வெட்டிச் சாய்க்கப்பட்டுள்ளது" எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுதித் தரச் சொன்னார். என் வாழ்க்கையில் எழுவாயோடு எழுதிய முதல் அரசாங்கக் கடிதம் அதுதான். நான், என் டம்ளர், என் கவனக்குறைவு. அம்மணி கேள்விக்குறி போட்டிருந்த நிஜமான இடத்தையும் பிறகு ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். காற்றில் விழுந்த மரம். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அந்தத் திட்டம் முடிந்து எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். அவர் இப்போது நெல் வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஓட்டுகிறார் என்று கேள்வி. பக்கத்து வயலில் ஆட்கள் இருந்தால் காற்று திரும்புகிற வரை உட்கார்ந்திருப்பார் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். அவர் எனக்குக் கொடுத்தது ஒரு கேள்வி. கட்டுரை எழுதி முடித்ததும் இப்போது அதைக் கேட்டுப் பார்க்கிறேன். எங்கள் அபார்ட்மென்ட் காவல்காரர் தூங்குவதைப் பற்றி எழுதிய அருமையான கட்டுரை ஒன்று அப்படித்தான் மேஜைக்குள்ளேயே இருக்கிறது. முன்னளவுக்குச் சிரிப்பு வருவதில்லை என்று பத்திரிகை ஆசிரியர் குறைப்படுகிறார். அம்மணிக்கு இதைச் சொல்லி ஒரு நன்றிகூட நான் சொன்னதில்லை. அவரிடம் நன்றி சொன்னால், "இருக்கட்டுங்ணா, டம்ளரைக் கீழ வையுங்க" என்பார்.

ஆனால் வாட்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஒரு வாரம் கழித்து. பழக்கூடையோடு போகலாம் என்று நினைத்து அம்மணியிடம் சொன்னபோது, "பழம் வேண்டாமுங்ணா, வழியில அவிய வாங்கிக்குவாங்க" என்றார். மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, கம்பெனி ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். பதியில் அவர் வீட்டு முன்னால் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். என் அகம்பாவம், என் ஓசை நயம், மூன்று நாள் மழையில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பட்ட பாடு. அவர் மைசூர்பாகை ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கடைசி வரை தலையாட்டிக் கேட்டார்.

"செரி, வுடுங்க. ஆனா வண்டிய மட்டும் அந்தப் புளியமரத்தடியில நிறுத்தாதீங்க, அது அவிய வர்ற தடம்" என்றார். "அன்னைக்கு மூணு நாளும் வண்டிகிட்டயே நின்னீங்களே, அப்பவே நெனச்சேன். ட்ரைவர்னா இதையெல்லாம் கொஞ்சம் பாக்கோணுமுங்க."